விலை பேசப்படும் கால்களும் விலை பேசப்படும் மாப்பிள்ளைகளும்

உங்கள் இல்லத்து இளைஞர் ஒருவரை அழைத்து, "மெஸ்ஸியின் ஊதியம் எவ்வளவு? ரிஷப் பந்த் எத்தனை கோடிக்கு ஏலம் போனார்?" என்று கேட்டுப் பாருங்கள். கண் இமைப்பதற்குள் விடை வரும். அடுத்து, "உன் தாயாருக்கு நிர்ணயிக்கப்பட்ட மஹர் எவ்வளவு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

இதைச் சொல்வதால் விளையாட்டின்மீது எனக்குப் பகை உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். அஸ்ருத் தொழுகை முடிந்ததும் திருச்சியின் திடல்களில் பந்தை உதைத்து ஓடும் பிள்ளைகளைக் காண்பது கண்ணுக்குக் குளிர்ச்சியானதே. உடலுக்கு வலுவூட்டும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் நாள்தோறும் வாயில் போட்டு மெல்லும் அந்தக் கோடிக்கணக்குகளுக்குள் ஒரு பாடம் மறைந்திருக்கிறது. ஒருவருக்குப் பேசப்பட்ட விலை, அவரோடு முடிந்துவிடுவதில்லை; அடுத்தவரின் ஒப்பந்தத்திலும் போய் அமர்ந்துகொள்கிறது என்பதே அந்தப் பாடம். அது விளையாட்டுத் திடலோடு நிற்பதுமில்லை. நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது.

பூச்சந்தை கற்பிக்கும் கணக்கு

முதலில் நமக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கத்தின் பூச்சந்தைக்கு, எட்டரை, கோப்பு போன்ற சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் வந்து குவிகின்றன. முகூர்த்த நாளின் அதிகாலையில் முதல் கூடைக்கு என்ன விலை கிடைத்தது என்பதே அன்றைய பேச்சாக இருக்கும். அடுத்த கூடைக்காரர் தம் பூவின் தரத்தைச் சொல்வதற்கு முன், "அவருக்கு இவ்வளவு கொடுத்தீர்களே, எனக்கு மட்டும் ஏன் குறைவு?" என்றுதான் தொடங்குவார். வாங்குகிறவரும் அந்த முதல் விலையை மனத்தில் வைத்தே பேரம் பேசுவார். முதல் கூடையை வாங்கியவர் தம் தேவைக்காக வாங்கினார். ஆனால் அவர் அறியாமலேயே சந்தை முழுமைக்கும் ஓர் அளவுகோலை நட்டுவிட்டார்.

பூ மாலைக்குள் வாடிவிடும். ஆகவே மறுநாள் புதிய விலை பிறக்கும். மனிதர்களுக்கு நடப்படும் அளவுகோலோ அவ்வளவு எளிதில் வாடுவதில்லை.

ஒரு வீரர் போனார். ஒரு கழகம் தள்ளாடியது

கால்பந்து உலகில் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். பிரேசில் வீரர் நெய்மாரை, பார்சலோனா கழகத்திடமிருந்து பாரிஸ் கழகம் 22.2 கோடி யூரோ கொடுத்து எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு வீரர் போக்பாவுக்குக் கொடுக்கப்பட்ட 10.5 கோடி யூரோவே அதுவரை உலகின் உச்ச விலை. ஒரே ஆண்டில் அது இரு மடங்கைத் தாண்டிற்று.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பார்சலோனாவின் பெட்டியில் பெரும் பணம் வந்து விழுந்திருப்பதை உலகமே அறிந்திருந்தது. அக்கழகம் யாரை விலைக்குக் கேட்டாலும், விற்பவர்கள் அந்தப் பணத்தை மனத்தில் வைத்தே விலை சொன்னார்கள். அதே மாதத்தில் உஸ்மான் டெம்பெலே என்னும் இருபது வயது முஸ்லிம் இளைஞருக்கு 10.5 கோடி யூரோ. அடுத்த ஜனவரியில் கோட்டின்ஹோவுக்கு 12 கோடி யூரோ. இவற்றின்மேல் நிபந்தனைக்குட்பட்ட கூடுதல் தொகைகள் வேறு. 2019இல் கிரீஸ்மனுக்கு மீண்டும் 12 கோடி யூரோ. விலை உயர்ந்தால் ஊதியமும் உயரத்தானே செய்யும்? 2017 நவம்பரில் மெஸ்ஸி கையெழுத்திட்ட நான்காண்டு ஒப்பந்தம், எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 55.5 கோடி யூரோ வரை செல்லக்கூடியது என்று 2021இல் ஸ்பெயின் நாட்டு நாளேடு ஒன்று வெளியிட்டது.

முடிவு என்னவாயிற்று? 2021 ஆகஸ்டில் அக்கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவரே அறிவித்தார். ஊதியச் செலவுக்கு ஸ்பெயின் லீக் விதித்திருந்த வரம்பு குறுக்கே நின்றது. சிறுவனாகச் சேர்ந்து அங்கேயே வளர்ந்த மெஸ்ஸி, கண்ணீரோடு விடைபெற்றுச் சென்றார். நெய்மார் போனது ஓர் ஒப்பந்தம். அது பின்வந்த ஒப்பந்தங்களின் விலையை ஏற்றியது. கொரோனாக் காலத்து நட்டமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இறுதியில், அந்தக் கழகத்தின் உயிர்நாடியாக இருந்தவரையே வைத்துக்கொள்ள முடியாத நிலை உருவாயிற்று.

ஜித்தாவில் நடந்த ஏலம்

இந்தக் கதை அயல்நாட்டோடு நிற்கவில்லை. 2024 நவம்பர் 24, 25 ஆகிய நாட்களில் இந்தியாவின் ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம், சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு துபையில் பேட் கம்மின்ஸ் 20.50 கோடி ரூபாய்க்கு ஏலம் போய்ப் புதிய உச்சம் படைத்தார். அன்றைய பொழுது சாய்வதற்குள் மிச்செல் ஸ்டார்க் 24.75 கோடிக்குப் போனார். ஜித்தாவில் அந்த எண்ணே படிக்கட்டாயிற்று. ஸ்ரேயாஸ் ஐயர் 26.75 கோடி, அடுத்த சில நிமிடங்களில் ரிஷப் பந்த் 27 கோடி. அதே ஏலத்தில் அந்த ஸ்டார்க்கின் விலை 11.75 கோடியாக இறங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குள் அவருடைய கையிலிருந்த கலை பாதியாகிவிடவில்லை; சந்தையின் பசிதான் மாறிவிட்டது.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்த நடராஜனை எடுத்துக்கொள்வோம். 2017இல் 3 கோடி, 2018இல் 40 இலட்சம், 2022இல் 4 கோடி, ஜித்தாவில் 10.75 கோடி. ஒரே மனிதர், ஒரே கை. விலை மட்டும் ஊஞ்சல்போல் ஆடியிருக்கிறது. ஆகவே விலை என்பது ஒரு மனிதரின் தகுதியை அளக்கும் தராசு அன்று. அன்றைக்கு யாரிடம் எவ்வளவு பணம் எஞ்சியிருந்தது, முன்னவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பவற்றின் நிழலே அது.

இந்த ஓட்டத்துக்குக் கிரிக்கெட் வாரியம் ஒரு கடிவாளமும் போட்டது. சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரர் ஒருவர் எத்தனை கோடிக்குப் போனாலும், பெரிய ஏலத்தின் உச்ச விலை, அணிகள் தக்கவைத்துக்கொள்ளும் வீரருக்கான உச்சத் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்குமேல் அவருக்குக் கிடைக்காது. 2025 டிசம்பரில் அபூதாபியில் கேமரூன் கிரீன் 25.20 கோடிக்கு ஏலம் போனார். ஆனால் விதிப்படி அவருக்குரியது 18 கோடிதான். எஞ்சிய தொகை வீரர் நலனுக்கென்று வாரியத்திடம் சேரும். ஒருவரின் ஒப்பந்தம் இன்னொருவரின் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தும் என்பது இங்கே எழுதப்பட்ட சட்டமாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டுக் கால்பந்தில்

கால்பந்தில் இந்தியாவுக்கும் பெருமைக்குரிய வரலாறு உண்டு. கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. அவ்வணியின் முஹம்மது சலீம், 1936இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலோடு ஆடி அந்நாட்டவரை வியப்பில் ஆழ்த்தினார்.

அதே நகரில் 2024இல் எழுந்த வழக்கு ஒன்று நம் சிந்தனைக்குரியது. பஞ்சாபைச் சேர்ந்த அன்வர் அலீ என்னும் இளைஞருக்கு 2019இல் இதயக் கோளாறு கண்டறியப்பட்டது. ஆட்டத்தை விட்டுவிடும்படி அறிவுறுத்தப்பட்டார். நீதிமன்றத்தை நாடி, பொறுமையோடு மீண்டுவந்து, இந்திய அணியின் தற்காப்பு வீரராகவே உயர்ந்தார். அல்ஹம்துலில்லாஹ்! தில்லிக் கழகம் ஒன்றிலிருந்து மோகன் பகானுக்கு நான்காண்டுக்கு இரவல் முறையில் வந்திருந்த அவர், ஓராண்டிலேயே அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தார். கால்பந்துக் கூட்டமைப்பின் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் இரு கழகங்களும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்றும் உத்தரவிட்டது. வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் சென்றபின், கூட்டமைப்பு அவ்வுத்தரவைத் திரும்பப் பெற்று மறுபடி விசாரிக்க முன்வந்தது. நியாயம் எவர் பக்கம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஓர் ஒப்பந்தம் முறியும்போது அது மூன்று கழகங்களை இழுத்துவிடுகிறது என்பதை மட்டும் காண்கிறோம்.

2025ஆம் ஆண்டில் இன்னொன்றையும் கண்டோம். இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளை நடத்தும் உரிமை குறித்துக் கூட்டமைப்புக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் தொங்கியது. அவ்வளவுதான். அந்த ஆகஸ்டில் பெங்களூருக் கழகம் வீரர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. நம் சென்னையின் கழகமும் தன் பணிகளை நிறுத்திவைத்தது. மேலே ஒரு கையெழுத்து தாமதித்தது; கீழே எத்தனையோ அடுப்புகள் கலங்கின.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஒருவரின் ஒப்பந்தத்தைக் கொண்டு மற்றவருக்குரியதை அளப்பது தவறா? இல்லை. ஃபிக்ஹு நூல்களில் "உஜ்ரத்துல் மிஸ்ல்" என்றொரு சொல் உண்டு. ஒத்தவருக்குரிய கூலி என்பது அதன் பொருள். கூலி பேசாமலோ தவறாகப் பேசியோ வேலை நடந்துவிட்டால், அதே வேலையை அதே திறமையோடு செய்பவருக்கு ஊரில் என்ன கிடைக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். உழைப்பவர் ஏமாற்றப்படாமல் இருப்பதற்கான வேலி அது. வேலையாளின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடும்படி பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மார்க்கத்தில், இத்தகைய வேலி இருப்பதில் வியப்பில்லை.

இதே அளவுகோல் திருமணத்திலும் உண்டு. மஹர் நிர்ணயிக்கப்படாமல் நிக்காஹ் முடிந்து, கணவர் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அவளைப் போன்ற பெண்களுக்குரிய மஹர் அவளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். பிர்வஃ பின்த் வாஷிக் (ரலி) அவர்களின் விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்களும் அவ்வாறே தீர்ப்பளித்ததாக மஅகில் பின் ஸினான் (ரலி) அவர்கள் எழுந்து சாட்சியம் கூறினார்கள். இதுவே "மஹருல் மிஸ்ல்". தந்தை வழியிலுள்ள சகோதரிகள், அத்தைமார் பெற்ற மஹரை ஒப்பிட்டு அதை முடிவு செய்வர். அக்காளின் ஒப்பந்தம் தங்கையின் உரிமையைக் காக்கிறது!

ஆனால் அளவுகோலைக் கள்ளத்தனமாக நீட்டுவதை மார்க்கம் வன்மையாகத் தடுத்திருக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடுவதற்காகவே ஏலம் கேட்பது "நஜ்ஷ்" எனப்படும், அது ஹராம். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின்மேல் மற்றவர் புகுந்து பேசக்கூடாது. ஒருவர் கேட்டு இசைவு பெற்ற பெண்ணை மற்றவர் போய்க் கேட்கக்கூடாது. இவ்விரண்டையும் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்தே தடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சந்தையும் திருமணமும் ஒரே நபிமொழியில் அருகருகே நிற்கின்றன. ஏனெனில் இரண்டும் ஒப்பந்தங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி பணிக்கும் கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

கால்பந்து உலகில் இருவகைப் பணம் உண்டு. ஒன்று, வீரருக்குக் கிடைக்கும் ஊதியம். மற்றொன்று, அவரை விடுவிக்கும் கழகத்துக்குக் கிடைக்கும் மாற்றுக் கட்டணம். நெய்மாருக்காகக் கொடுக்கப்பட்ட 22.2 கோடி யூரோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இத்தனை ஆண்டுகள் வளர்த்தோம், பயிற்சி கொடுத்தோம் என்று கழகம் பெற்றுக்கொள்ளும் விலை அது.

நம் சமுதாயத்தில் மாப்பிள்ளையின் தந்தை வாங்கும் கைக்கூலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "படிக்க வைத்தோம், துபைக்கு அனுப்பினோம், வீடு கட்டினோம்" என்று கணக்குச் சொல்லி வாங்குகிறாரே, அது மாற்றுக் கட்டணம் அல்லாமல் வேறென்ன? ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. கால்பந்து வீரர் புதிய கழகத்துக்குப் போய்த் தம் உழைப்பைக் கொடுக்கிறார். நம் மாப்பிள்ளை, பெண்ணையும் எடுத்துக்கொண்டு பணத்தையும் எடுத்துக்கொள்கிறார். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய ஆண், தான் விலை பெற்று மணமுடிக்கிறார். மார்க்கம் காட்டிய திசைக்கு நேர் எதிராகப் பணம் ஓடுகிறது.

விலை எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். தெருவில் ஒரு செல்வர் தம் மகளுக்கு நூறு பவுன் நகையும் ஒரு காரும் கொடுத்து மணமுடிக்கிறார். அவருக்கு அது சிறு தொகை. யாரும் கேட்டு வாங்கவில்லை. அன்பளிப்பாகவே கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த எண், வலீமாப் பந்தியில் கைகழுவுவதற்கு முன்பே தெருவெங்கும் பரவிவிடுகிறது. அடுத்த மாதம், அதே படிப்புப் படித்த இன்னொரு பையனின் தாயார், "அவனுக்கே நூறு என்றால் என் மகன் எதில் குறைந்தவன்?" என்கிறார். பூச்சந்தையின் முதல் கூடை இங்கேயும் வந்துவிட்டது! அந்த இரண்டாம் வீட்டுக்குப் பெண் கொடுப்பவர் செல்வர் அல்லர். கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். அவருக்கு மூன்று பெண்மக்கள். பெரிய கடைவீதி நகைக்கடையின் படியேறும்போது அவர் கால்கள் நடுங்குகின்றன.

இடையில் தரகர் ஒருவர் வருகிறார். "வேறொரு வீட்டில் ஐம்பது பவுனும் ரொக்கமும் தருவதாகச் சொல்கிறார்கள்" என்று மெல்லச் சொல்கிறார். அப்படியொரு வீடே இல்லாமலிருக்கலாம். இதுதானே நஜ்ஷ்? சந்தையில் ஆட்டுக்குட்டி விற்பவன் செய்தால் பாவம் என்று நாம் அறிந்திருப்பதை, நிக்காஹ் பேச்சில் செய்தால் சாமர்த்தியம் என்கிறோம். நிச்சயம் முடிந்தபின் அதிகம் தருபவர் வந்தால் பேச்சை மாற்றும் குடும்பங்களும் உண்டு. பேசி முடித்ததன்மேல் புகுந்து பேசுவதைத் தடுத்த நபிமொழியை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

"நாங்கள் கேட்கவில்லை; அவர்களாகவே செய்கிறார்கள்" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் விடை. அவர்களாகவே செய்வது எதனால்? முன்னவர் செய்ததைப் பார்த்து, செய்யாவிட்டால் மகள் புகுந்த வீட்டில் தலைகுனிவாளே என்று அஞ்சிச் செய்கிறார்கள். அச்சத்தால் கொடுப்பது அன்பளிப்பாகாது. 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் நாட்டில் வந்துவிட்டது. சட்டம் கேட்பவரைத் தண்டிக்கலாம். கேட்காமலே ஏறும் விலையை எந்தச் சட்டம் பிடிக்கும்?

இறக்கும் கையும் நம் கையே

விலையை ஏற்ற ஒருவரால் முடியுமானால், அதை இறக்கவும் ஒருவரால் முடியும்.

பெல்ஜியம் நாட்டில் ஜான் மார்க் போஸ்மன் என்றொரு கால்பந்து வீரர் இருந்தார். நெய்மாரைப் போன்ற புகழுடையவர் அல்லர், சாதாரண ஆட்டக்காரர். 1990இல் லீஜ் கழகத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் மாற்றுக் கட்டணம் வந்தால்தான் விடுவோம் என்றது பழைய கழகம். அவர் நீதிமன்றம் சென்றார். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலையின்றி விடுவிக்க வேண்டும் என்பது அன்று முதல் நடைமுறையாயிற்று. ஆயிரக்கணக்கான வீரர்கள் அதனால் விடுதலை பெற்றார்கள். போஸ்மனுக்கோ அப்போது வயது 31, ஆட்டக்காலம் கழிந்துவிட்டிருந்தது. பயனைப் பிறர் அனுபவித்தார்கள்.

கைக்கூலி வேண்டாம் என்று முதலில் சொல்லும் இளைஞருக்கும் இத்தகைய நிலை வரலாம். உறவினர் நகைப்பார்கள். "பையனிடம் ஏதோ குறை இருக்கிறது போலும்" என்றும் பேசுவார்கள். ஆனால் அவருடைய நிக்காஹ், ஜமாஅத்தின் பதிவேட்டில் ஒரு வரியாக ஏறும். அடுத்து வரும் பெண்ணின் தந்தை, "அவர் வாங்கவில்லையே!" என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊன்றுகோல் கிடைக்கும். அந்த ஒரு சொல், கணக்கு எழுதும் அந்த மூன்று பெண்மக்களின் தந்தைக்கு எத்தனை பெரிய ஆறுதல்!

ஆகவே செல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்குக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. பந்தலில் பரப்பிக் காட்டாதீர்கள், எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள், பின்னொரு நாளில் அவள் பெயரில் அமைதியாக எழுதிவையுங்கள். உங்கள் கொடை பிறர் தலையில் சுமையாக இறங்க வேண்டாம். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மஹர் தொகையை நிக்காஹ் சபையில் தெளிவாக, உரத்த குரலில் அறிவியுங்கள். அது கையில் கொடுக்கப்பட்டதா, கடனாக நிற்கிறதா என்பதையும் எழுதுங்கள். பவுன் கணக்கு பரவும் தெருவில் மஹர்க் கணக்கு பரவட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் ஏறத்தாழ ஐந்நூறு திர்ஹம் என்பதை நம் இளைஞர்கள் அறியட்டும். கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்தே அறியட்டும்.

தாய்மார்களே! இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் மகனை அருகில் அமர்த்தி, உங்கள் மஹர் எவ்வளவு, அது எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று சொல்லுங்கள். வராமலேயே இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீரர்களின் விலையை மனப்பாடமாகச் சொல்லும் அந்தப் பிள்ளை இதையும் மறக்கமாட்டான். நாளை அவன் பேசப்போகும் ஒப்பந்தத்துக்கு அதுவே அளவுகோலாக அமையட்டும்.

வல்ல அல்லாஹ் நம் சொல்லிலும் ஒப்பந்தங்களிலும் நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.